சாவி யார் கையில்?

மும்பைக்குப் பிழைக்க வருகிற தமிழர் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் "லைன்". ரேஷன் கடையில் லைன். குழாயடியில் லைன். பொழுது விடிந்து டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு போனால், அங்கேயும் லைன்.

ஊரில் குளத்தங்கரைப் பக்கம் ஒதுங்கியவர்களுக்கு இது புதிது. அங்கே மறைவு கிடைத்தால் போதும். இங்கே மறைவும் இல்லை, இடமும் இல்லை, நேரமும் இல்லை. 8 மணி லோக்கலைப் பிடிக்க வேண்டியவர் 6 மணிக்கே போய் நின்றாக வேண்டும். உள்ளே இருப்பவர் சற்றுத் தாமதித்தால், வெளியில் நிற்பவர் கதவைத் தட்டுவார்.

பெண்களின் பாடு இதைவிட மோசம். இருட்டு விலகுவதற்கு முன்பே போய்விட்டு வர வேண்டும். விட்டால், மறுபடி இருட்டும் வரை பொறுக்க வேண்டும். இதற்குப் பயந்தே பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் தாய்மார்கள் ஏராளம். அதனால் வருகிற சிறுநீர்க் கடுப்பும் காய்ச்சலும் டாக்டரிடம் போகும்போதுதான் வெளியே தெரியும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகளை ராத்திரியில் தனியாக அனுப்ப முடியாது. அம்மாவோ அண்ணனோ கூடப் போய் வெளியே நிற்க வேண்டும்.

மும்பை நகர மக்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் குடிசைப் பகுதிகளில் வசிப்பதாக 2011 மக்கள்தொகைக் கணக்கு கூறியது. இவர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுக்குள் கக்கூஸ் கிடையாது. பொதுக் கக்கூஸ்தான் கதி. மும்பைத் தமிழில் சொன்னால், "சண்டாஸ்".

உலகக் கணக்கைப் பார்த்தால் இன்னும் மலைப்பாக இருக்கும். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து எடுத்த கணக்கின்படி, 2022-ஆம் ஆண்டில் 220 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான குடிநீர் வீடு தேடி வரவில்லை. 350 கோடிப் பேருக்குப் பாதுகாப்பான கழிப்பிட வசதி இல்லை. 41 கோடியே 90 லட்சம் பேர் திறந்தவெளியில்தான் போனார்கள். அசுத்தமான தண்ணீர், கழிப்பிடம் இல்லாமை, கை கழுவ வசதி இல்லாமை ஆகியவற்றால் 2019-இல் மட்டும் சுமார் 14 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

2030-க்குள் எல்லோருக்கும் தண்ணீரும் கழிப்பிடமும் கிடைக்க வேண்டும் என்று 2015-இல் ஐ.நா. சபை இலக்கு வைத்தது. கட்ட வேண்டும், கட்ட வேண்டும் என்று எல்லா அரசாங்கங்களும் பேசுகின்றன. பணம் ஒதுக்குகின்றன. கட்டவும் செய்கின்றன.

ஆனால் கட்டிய பிறகு அதன் சாவி யார் கையில் இருக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஒரு தமிழரின் கதை மும்பையில் இருக்கிறது. அந்தக் கதை இங்குள்ள தமிழர்களில் பலருக்கே முழுதாகத் தெரியாது.

கோலாரிலிருந்து வந்த தச்சர்

அவர் பெயர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். 1960-களில், மீசை முளைக்கும் வயதில், பம்பாய்க்கு வந்தார். தச்சு வேலை செய்தார். டிராம்பே பக்கம் ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியில் தங்கினார். அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்துக்கு அருகில் இருந்த இடம் அது. தமிழர்களும் நிறையப் பேர் அங்கே இருந்தார்கள்.

காலனியில் குப்பை அள்ள ஆள் வராது. மனு கொடுத்தும் பயன் இல்லை. அற்புதம் ஒரு வேலை செய்தார். பிள்ளைகளை எல்லாம் கூட்டினார். ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைக் காகிதத்தில் பொட்டலம் கட்டச் சொன்னார். ஊர்வலமாகப் போய், நகரசபை அலுவலகத்தின் முன்னால் கொட்டிவிட்டு வந்தார்கள். அதன் பிறகு குப்பை வண்டி வர ஆரம்பித்தது. அவருடைய பொதுவாழ்க்கை இப்படிக் குப்பையில்தான் தொடங்கியது.

1974-இல் குடிசைவாசிகளின் தேசிய சம்மேளனத்தை ஆரம்பித்தார். இரண்டே ஆண்டில் பெரிய அடி விழுந்தது. 1976-இல், அவசர நிலைக் காலத்தில், ஜனதா காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70 ஆயிரம் பேர் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். வீடு போனதோடு, போராடிப் பெற்ற குழாயும் போயிற்று, கக்கூஸும் போயிற்று. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று.

கோஷம் போட்டு இடிப்பதைத் தள்ளிப்போடலாம், ஆனால் கோஷத்தால் கக்கூஸ் வராது என்ற முடிவுக்கு அவர் வந்தது அதன் பிறகுதான். 1984-இல் பைகுல்லாவில் ஷீலா படேலும் அவருடைய தோழியரும் ஆரம்பித்த "ஸ்பார்க்" என்ற தொண்டு நிறுவனம், நடைபாதையில் வாழும் பெண்களோடு வேலை செய்துகொண்டிருந்தது. அந்தப் பெண்கள் "மகிளா மிலன்" என்ற பெயரில் ஒன்று சேர்ந்தார்கள். சம்மேளனம், ஸ்பார்க், மகிளா மிலன் மூன்றும் கைகோத்தன.

இவர்கள் எடுத்த முதல் ஆயுதம் நோட்டும் பென்சிலும். எத்தனை குடிசை, எத்தனை ஆள், எத்தனை கக்கூஸ், அதில் எத்தனை ஓடுகிறது, எத்தனை அடைத்துக் கிடக்கிறது என்று அங்கே வாழ்கிறவர்களே எண்ணினார்கள். சர்க்கார் கணக்கில் பத்து என்று இருக்கும். போய்ப் பார்த்தால் நான்குதான் கதவோடு நிற்கும். அதிகாரியின் மேஜைக்கு முன்னால் இந்தக் கணக்கை வைத்த பிறகுதான் பேச்சு நடந்தது. கணக்கு வைத்திருப்பவனிடம் ஆபீசில் யாரும் எரிந்து விழ முடியாது என்பது குமாஸ்தாக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொஞ்சம் கணக்கு

ஒரு கக்கூஸ் அறைக்கு 50 பேர் என்று அவர்கள் ஓர் அளவு வைத்தார்கள். ஆளுக்கு 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 50 பேருக்கு 250 நிமிடம். அதாவது 4 மணி 10 நிமிடம். காலை 5 மணிக்கு ஆரம்பித்தால் கடைசி ஆள் வெளியே வர 9 மணி தாண்டிவிடும். வேலைக்குப் போகிறவனுக்கு அதுவே தாமதம்.

அதே அறைக்கு 100 பேர் என்றால்? பாதிப் பேர் வேறு வழிதான் தேட வேண்டும். ரயில் பாதை ஓரங்களில் விடியற்காலையில் அவர்களைத்தான் லோக்கல் ரயிலில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். "இவர்களுக்கு நாகரிகம் இல்லை" என்றும் சொன்னார்கள். நாகரிகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 100-ஐ 5-ஆல் பெருக்கிப் பார்த்தால் போதும்.

தூய்மை இந்தியா திட்டம் 2014-இல் வந்தபோது, சமுதாயக் கழிப்பிடங்களில் ஆண்கள் 35 பேருக்கு ஒன்று, பெண்கள் 25 பேருக்கு ஒன்று என்று அளவு வகுத்தார்கள். நல்ல அளவு. பெண்களுக்கு அதிக நேரமும் அதிக இடமும் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்ட அளவு.

பழையது ஏன் நாறியது?

நகரசபை கட்டிய பழைய கட்டிடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு வரிசை அறைகள். ஆணும் பெண்ணும் ஒரே வழியாகப் போக வேண்டும். உள்ளே குழாய் இல்லை. விளக்கு இல்லை. கழிவுநீர்ப் பாதையோடு இணைப்பும் பல இடங்களில் இல்லை. கட்டியவர் காண்டிராக்டர். பில் பாஸானதும் போய்விட்டார். சுத்தம் செய்ய வேண்டியவர் நகரசபை ஆள். அவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

கதவு உடைந்தால் யாரிடம் சொல்வது? தெரியாது. தண்ணீர் இல்லை என்றால் யாரைக் கேட்பது? தெரியாது. ஆறு மாதத்தில் கோப்பை உடையும். ஒரு வருடத்தில் அடைத்துக்கொள்ளும். பிறகு ஆட்கள் உள்ளே போக மாட்டார்கள், வெளிச்சுவர் ஓரத்தில் உட்காருவார்கள். "குடிசைக்காரர்களுக்குக் கட்டிக் கொடுத்தாலும் உபயோகிக்கத் தெரியாது" என்று அதிகாரிகள் கோப்பில் எழுதி மூடிவிடுவார்கள்.

மூன்று அமைப்புகளும் இதைத் தலைகீழாக்கின. இடத்தை மாநகராட்சி கொடுக்கட்டும், கட்டும் செலவையும் அது ஏற்கட்டும், ஆனால் எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பதை அங்கே வாழ்கிறவர்கள் சொல்வார்கள், கட்டி முடித்த பிறகு நடத்துவதும் அவர்களே, சாவி அவர்கள் கையில்தான் என்றார்கள்.

புனேயில் நடந்தது

இது பெரிய அளவில் நடந்தது மும்பையில் அல்ல, புனேயில். 1999-இல் ரத்னாகர் கெய்க்வாட் என்ற அதிகாரி அங்கே மாநகராட்சிக் கமிஷனராக இருந்தார். குடிசைப் பகுதிகளில் கக்கூஸ் கட்ட காண்டிராக்டர்களை மட்டும் நம்பாமல், தொண்டு நிறுவனங்களும் டெண்டர் போடலாம் என்றார். நடத்திப் பராமரிக்கும் பொறுப்பையும் அவர்களே ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. வாரந்தோறும் கூட்டம் போட்டார். வேலை எங்கே நிற்கிறது, எந்த அதிகாரி கையெழுத்துப் போடவில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டார்.

இரண்டே ஆண்டுகளில் 400-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் எழும்பின. அதற்கு முந்தைய 30 ஆண்டுகளில் கட்டியதைவிட இது அதிகம். கட்டிய கூட்டத்தில் ஸ்பார்க், சம்மேளனம், மகிளா மிலன் ஆகியவை முக்கியமானவை. வீட்டு வேலை செய்து பிழைத்த பெண்கள் சிமெண்ட் மூட்டையை எண்ணினார்கள். செங்கல் விலை பேசினார்கள். கொத்தனாரிடம் வேலை வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண் காண்டிராக்டர் ஆனது புனேக்காரர்களுக்கே வேடிக்கையாக இருந்தது. முதலில் கட்டிய சுவர் சரியாக வராமல் போன இடங்களும் உண்டு. அடுத்ததைச் சரியாகக் கட்டினார்கள்.

கட்டிட அமைப்பைப் பாருங்கள். எல்லாம் அனுபவத்தில் வந்தது.

ஆண்களுக்கு ஒரு வாசல், பெண்களுக்கு வேறு வாசல். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. காற்றும் வெளிச்சமும் வரும்படி ஜன்னல். பெரிய தண்ணீர்த் தொட்டி. உள்ளும் புறமும் இரு பக்கமும் திறக்கும் கதவு. கையில் வாளியோடு வருகிறவர் தோளால் தள்ளினால் போதும். வயதானவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் பல கட்டிடங்களில் தனி அறை. காவலாளும் அவர் குடும்பமும் தங்க அங்கேயே ஓர் அறை. இருக்க வீடு கிடைப்பதால் அவர் குறைந்த சம்பளத்துக்கும் சம்மதிப்பார். இடம் இருந்தால் மேலே ஒரு கூடம். அங்கே கூட்டம் நடத்தலாம், வாடகைக்கு விடலாம். கக்கூஸுக்கு மேலே கூட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. கீழே நாற்றம் அடித்தால் மேலே யாரும் உட்கார முடியாது. ஆகவே கீழே சுத்தமாகத்தான் இருந்தாக வேண்டும்!

பிள்ளைகள் ஏன் சாக்கடை ஓரம் உட்கார்ந்தார்கள்?

எல்லாவற்றிலும் சிறந்தது குழந்தைகளுக்கான தனிப் பகுதி. குடிசைப் பகுதிகளில் பிள்ளைகள் சாக்கடை ஓரம் உட்காருவதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தாய்மாரைக் குறை சொல்பவர்களும் உண்டு. உண்மைக் காரணம் வேறு.

லைனில் பெரியவர்கள் பிள்ளையைத் தள்ளிவிட்டு முன்னே போவார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு அரை மணி நேரம் பொறுக்கவும் தெரியாது. உள்ளே போனால் இருட்டு. கோப்பை பெரியது. விழுந்துவிடுவோமோ என்று பயம். அதனால்தான் வெளியே உட்காருகிறது.

புதிய கட்டிடங்களில் சின்னக் கோப்பை வைத்தார்கள். பிடித்துக்கொள்ளக் கைப்பிடி வைத்தார்கள். லைன் தனி. கதவு போட்டுப் பயமுறுத்தவில்லை. தாய் எதிரே நின்று பார்க்கலாம். இதில் பெரிய பொறியியல் ஒன்றும் இல்லை. ஆனால் எந்தப் பொறியாளருக்கும் இது தோன்றவில்லை. பிள்ளை பெற்ற பெண்களைக் கேட்ட பிறகுதான் தோன்றியது.

கட்டி முடித்ததும் "சண்டாஸ் மேளா" நடத்துவார்கள். மாலை, தோரணம், மேளம் எல்லாம் உண்டு. மந்திரியும் அதிகாரியும் வந்து ரிப்பன் வெட்டுவார்கள். 2001 ஜூனில் நியூயார்க்கில் ஐ.நா. சபைக் கட்டிடத்துக்குள்ளேயே மாதிரி வீட்டையும் மாதிரிக் குழந்தைக் கக்கூஸையும் வைத்தார்கள். அப்போது பொதுச்செயலாளராக இருந்த கோபி அன்னான் வந்து பார்த்தார். உலகத் தலைவர்கள் நடமாடும் கூடத்தில் இந்தியக் குடிசைக்காரரின் கக்கூஸ்!

கட்டணக் கணக்கும் சாமானியமானதல்ல. அந்தக் காலத்துக் கட்டணப்படி, ஒரு தடவைக்கு 1 ரூபாய் என்றால் ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் 150 ரூபாய். கூலிக்காரர் தாங்க மாட்டார். ஆகவே குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய் பாஸ் என்று வைத்தார்கள். வழியில் போகிறவர்கள் மட்டும் தடவைக்கு 1 ரூபாய். பாஸ் பணத்தில் காவலாள் சம்பளம், விளக்கு, பினாயில், துடைப்பம் எல்லாம் நடக்க வேண்டும். வரவு செலவைச் சுவரில் எழுதிப் போட்டால் சண்டை இல்லை.

மும்பையில் என்ன ஆயிற்று?

மும்பையில் உலக வங்கிக் கடன் உதவியோடு 1995-இல் குடிசைப் பகுதிக் கழிப்பிடத் திட்டம் தொடங்கியது. வேலை சூடுபிடிக்கச் சில ஆண்டுகள் ஆயின. முதல் கட்டத்தில் 300-க்கும் மேற்பட்ட கட்டிடங்கள் கட்டினார்கள். பழைய கட்டிடங்களைவிட இவை நன்றாகத்தான் இருந்தன.

ஆனால் சாவி எல்லா இடங்களிலும் மக்கள் கையில் தங்கவில்லை. சில இடங்களில் சங்கத்தின் பெயர் பலகையில் மட்டும் இருந்தது. நடத்தியவர் உள்ளூர்ப் பெரிய மனிதர். பாஸ் பணம் அவர் பையில். கணக்குக் கேட்டால் பதில் இல்லை. இன்னும் சில இடங்களில் சங்கத்தில் இருந்தவர்கள் வேறு இடத்துக்குக் குடிபோக, கேட்பாரற்றுப் போயிற்று. தண்ணீர் வராத கக்கூஸுக்குப் பாஸ் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

பராமரிப்பு இல்லாவிட்டால் நாற்றம் மட்டுமா? உயிரே போகும். 2017-இல் மான்கூர்டிலும் 2018-இல் பாண்டூப்பிலும் பொதுக் கக்கூஸின் தளம் இடிந்து, உள்ளே இருந்தவர்கள் கீழே இருந்த மலக்குழியில் விழுந்து இறந்தார்கள். காலைக் கடனுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

2016-இல் காட்கோபரில் ஒரு தனியார் கம்பெனியும் மாநகராட்சியும் சேர்ந்து புது மாதிரிக் கட்டிடம் ஒன்றைத் திறந்தன. கக்கூஸோடு குளியலறை, துணி துவைக்கும் எந்திரம், வடிகட்டிய குடிநீர் எல்லாம் அங்கே உண்டு. குளித்த தண்ணீரைச் சுத்தப்படுத்திக் கக்கூஸுக்கு விடுகிறார்கள். பிறகு தாராவி உள்பட வேறு இடங்களிலும் இந்த மாதிரி வந்தது. கட்டிடம் பளபளப்பாக இருக்கிறது. ஆனால் சாவி கம்பெனி வைத்திருக்கும் நிர்வாகியிடம்.

பக்கத்தில் ஓடுது, வாயில் வரல்லே!

கக்கூஸ் இருந்து தண்ணீர் இல்லாவிட்டால் என்ன பயன்? தாராவிக்குப் பக்கத்தில் மனிதன் உயரத்துக்குப் பெரிய இரும்புக் குழாய்கள் போகின்றன. பிள்ளைகள் அதன் மேல் நடந்து விளையாடுவார்கள். தான்சா ஏரியிலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாய்கள் அவை. தான்சா அணை 1892-இல் கட்டி முடிந்தது. அதற்கு முன் விகார், துள்சி. பின்னால் வைதரணா, பாட்சா. இப்படி 100 கிலோமீட்டர் தூரத்திலிருந்துகூடத் தண்ணீர் வருகிறது. நாள் ஒன்றுக்குச் சுமார் 380 கோடி லிட்டர் நகரத்துக்குள் பாய்கிறது.

தண்ணீர் இல்லாத ஊர் அல்ல மும்பை. பங்கீடுதான் கோளாறு. மாடிக் கட்டிடத்தில் இருப்பவருக்கு ஆளுக்கு 135 லிட்டர், குடிசையில் இருப்பவருக்கு 45 லிட்டர் என்று மாநகராட்சியே அளவு வைத்திருந்தது. குடிசைக்காரருக்கு வியர்க்காதா? துணி அழுக்காகாதா?

45 லிட்டர் என்றால் ஐந்து பேர் குடும்பத்துக்கு 225 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 15 குடம். ஒவ்வொரு குடமும் 15 கிலோ. குழாயிலிருந்து வீடு வரை 15 நடை. இதைச் சுமப்பது வீட்டுப் பெண்கள்தான். தண்ணீர் வருவதோ ஓரிரண்டு மணி நேரம். அதுவும் விடியற்காலையிலோ நடுராத்திரியிலோ. பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளை குழாயடியில் நின்றால் முதல் மணி தவறிவிடும்.

இந்த அளவாவது கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். குடிசை எந்த ஆண்டில் போட்டது என்று மகாராஷ்டிர அரசு ஒரு கெடு வைத்தது. முதலில் 1995 ஜனவரி 1. பிறகு 2000 ஜனவரி 1. அதற்குப் பின் வந்த குடிசைக்குக் குழாய் இணைப்பு இல்லை. வீடு சட்டவிரோதம் என்றால் தாகமும் சட்டவிரோதமா?

இணைப்பு இல்லாதவர்கள் குடத்துக்கும் கேனுக்கும் காசு கொடுத்தார்கள். மாநகராட்சி ஆயிரம் லிட்டருக்கு ஒரு சில ரூபாய் வாங்குகிறது. அதே தண்ணீரை இடைத்தரகரிடம் இரண்டு மூன்று குடமாக வாங்கினாலே அந்தக் காசு போய்விடும். ஏழைதான் நகரத்திலேயே அதிக விலைக்குத் தண்ணீர் வாங்கினான்.

"பாணி ஹக் சமிதி" என்ற அமைப்பு இதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது. 2014 டிசம்பரில் பம்பாய் ஐகோர்ட் தீர்ப்பளித்தது. உயிர் வாழும் உரிமை என்று அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு சொல்வதில் தண்ணீரும் அடங்கும், குடிசை சட்டவிரோதமானது என்பதற்காகத் தண்ணீரை அடியோடு மறுக்க முடியாது, கட்டணம் கூடுதலாக வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள் என்று கோர்ட் கூறியது. அதற்குப் பின்னும் "எல்லோருக்கும் தண்ணீர்" என்ற கொள்கையை மாநகராட்சி கொண்டுவர 2022 ஆகிவிட்டது. தீர்ப்பு வந்த அன்று பிறந்த பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது.

கொரோனா வந்த நாளில்

2020 ஏப்ரல் 1-ந் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். நாடே பயந்தது. இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் பல லட்சம் பேர். "வீட்டுக்குள்ளேயே இருங்கள்" என்றது சர்க்கார். கக்கூஸ் வெளியே இருக்கிறதே, எப்படி வீட்டுக்குள் இருப்பது? "அடிக்கடி கை கழுவுங்கள்" என்றார்கள். குடத்தை எண்ணிச் செலவு செய்கிறவர் அடிக்கடி எப்படிக் கழுவுவார்?

தாராவி மக்களில் 100-க்கு 80 பேர் பொதுக் கக்கூஸ்களைத்தான் நம்பியிருந்தார்கள் என்று மாநகராட்சி அதிகாரிகளே சொன்னார்கள். நோயைப் பிடிக்க அவர்கள் முதலில் போன இடங்களில் ஒன்று இந்தக் கக்கூஸ்கள்தான். தினமும் பல தடவை மருந்து தெளித்தார்கள். வாசலில் கை கழுவ வசதி வைத்தார்கள். வீடு வீடாகக் காய்ச்சல் பார்த்தார்கள். பள்ளிக்கூடங்களைத் தனிமை முகாம் ஆக்கினார்கள். ஜூலை 10-ந் தேதி உலக சுகாதார நிறுவனத் தலைவரே தாராவியை உதாரணமாகச் சொன்னார். தினமும் பல தடவை கழுவினால் தாராவிக் கக்கூஸும் சுத்தமாக இருக்கும் என்பது அந்த மூன்று மாதத்தில் தெரிந்துபோயிற்று. அதற்கு ஒரு கொள்ளைநோய் வர வேண்டியிருந்தது.

குழிக்குள் இறங்குகிறவர்

கோலார் தங்கவயலிலிருந்து வந்த இன்னொருவரையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. பெஜவாடா வில்சன். மலம் அள்ளிய குடும்பத்தில் பிறந்தவர். தங்கம் எடுத்த ஊரில், தொழிலாளர் குடியிருப்புகளில் தண்ணீர் இல்லாத உலர் கக்கூஸ்கள் இருந்தன. அவற்றில் மனிதர் கையால் அள்ளினார்கள். அதை எதிர்த்துக் கிளம்பியவர் நாடு முழுவதும் சபாய் கர்மசாரி இயக்கத்தைக் கட்டினார். ஜோக்கின் அற்புதத்துக்கு 2000-இல் மகசேசே விருது கிடைத்தது. வில்சனுக்கு 2016-இல் அதே விருது. ஒருவர் கக்கூஸ் வேண்டும் என்று போராடினார். மற்றவர் அதைக் கையால் அள்ளும் மனிதருக்காகப் போராடினார். இரண்டும் வேறு வேறு காரியம் அல்ல.

கழிவுநீர்ப் பாதையோடு இணைக்காத ஒவ்வொரு கக்கூஸுக்கும் கீழே ஒரு தொட்டி இருக்கிறது. அது நிரம்பும். யாராவது எடுத்தாக வேண்டும். எந்திரம் நுழையாத சந்தில் மனிதரை இறக்குகிறார்கள். 1993-லும் 2013-லும் சட்டம் போட்டுத் தடுத்தும் விஷவாயுவில் சாவு நிற்கவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2023-இல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொட்டிக்கு மேல் நிற்கிறவர்கள் சாவியைப் பற்றிப் பேசும்போது, கீழே இறங்குகிறவரையும் சங்கத்தின் கணக்கில் சேர்க்க வேண்டும். எந்திர வாடகைக்குப் பாஸ் பணத்தில் மாதா மாதம் ஒதுக்கிவைத்தால், மனிதரை இறக்க வேண்டிய அவசியம் வராது.

பட்டியலில் யார்?

ஜோக்கின் அற்புதத்துக்கு 2011-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018 அக்டோபர் 13-ந் தேதி மும்பையில் காலமானார். கடைசி வரை தாராவியின் பிரச்சினைகளில் அவருக்கு ஈடுபாடு இருந்தது. வெளியில் இருப்பவர்கள் வரைந்த படத்தைக் கொண்டுவந்து தாராவியின் மேல் ஒட்டக்கூடாது என்பது அவருடைய கட்சி.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் டெண்டர் 2022-இல் அதானி குழுமத்துக்குக் கிடைத்தது. திட்டப்படி, 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதாக நிரூபிப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. உள்ளேயே சமையலறை, உள்ளேயே கக்கூஸ். வாசலில் பூட்டு. அதன் சாவி வீட்டுக்காரர் கையில்.

பின்னால் வந்தவர்களுக்கும் மாடியில் குடியிருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம் என்று திட்டம் சொல்கிறது. திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் பிற்பாடு வந்து, சொந்தக்காரர் வீட்டு மாடியில் ஏணி வைத்து ஏறி வாழ்கிற குடும்பங்கள் இதில் நிறைய. 1976-இல் ஜனதா காலனிக்காரர்கள் சீட்டா கேம்ப் போனபோது குழாயும் கக்கூஸும் கூடவே போகவில்லை. இப்போது வெளியே போகிறவர்களுக்குப் போகும் இடத்தில் முதல் நாளே தண்ணீர் வருமா, தொட்டியா, கழிவுநீர்ப் பாதையா என்பதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள். அதற்கிடையே பழைய ரேஷன் கார்டையும் வாக்காளர் பட்டியலையும் மின்சார பில்லையும் டிரங்குப் பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.